பேங்க் சொல்கிறது, போடலாமா?

2013 மே மாதம் 7ஆம் தேதி. இங்கிலாந்தில் வாட் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தேதி தூக்கத்திலும் மறக்காது. மார்ச்சோடு முடிகிற காலாண்டுக்குக் கணக்கைத் தாக்கல் செய்யவும் வரியைக் கட்டவும் அதுதான் கடைசி நாள். என் கணவர் எலக்ட்ரீஷியன். அவருடைய கணக்கு வழக்கெல்லாம் என் பொறுப்பு. இரவு ஒன்பதரை மணிக்கு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். தாக்கல் ஆகிவிட்டது. பணம் கட்ட பேங்க் பக்கத்துக்குப் போனால் திரை வெள்ளையாக நிற்கிறது. லேப்டாப் மாவாட்டுகிற கிரைண்டர் மாதிரி இரைகிறது. அணைத்துப் போட்டேன், மறுபடி வெள்ளை. மூன்றாவது தடவையும் அதே கதை.

பத்தே முக்காலுக்கு நைட்டிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுப் பையன் கல்லூரி மாணவன், விடிய விடிய விளையாடுகிறவன். அவன் கணினியில் உட்கார்ந்து பேங்க் கடவுச்சொல்லைத் தட்டிப் பணம் கட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் உறைத்தது. பேங்க் சொல்லிப் பாதுகாப்புக்கென்றே தனி மென்பொருள் போட்டுவைத்த கணினியை விட்டுவிட்டு, என்னென்ன கிடக்கிறதென்றே தெரியாத ஒரு பையனின் கணினியில் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த மென்பொருள் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பேங்க் பக்கத்தில் உள்ளே நுழைந்ததும் பெரிய பட்டையாக ஒரு அறிவிப்பு: உங்கள் ஆன்லைன் வங்கிச் சேவையை இன்னும் பாதுகாப்பாக்க இந்த மென்பொருளை இலவசமாகப் போட்டுக்கொள்ளுங்கள். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘இப்போதே’, இன்னொன்று ‘பிறகு நினைவூட்டு’. ‘வேண்டாம்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. நாலைந்து தடவை ‘பிறகு’ போட்டேன். அப்புறம், பேங்க்காரனே சொல்கிறான், நமக்கென்ன என்று ‘இப்போதே’யை அழுத்தினேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேடயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பார்க்க நிம்மதியாகத்தான் இருந்தது.

மே 8 காலையில் அதை நீக்க உட்கார்ந்தேன். நீக்கலாமா என்று கேட்டது, சரி என்றேன். ‘நீக்கினால் உங்கள் கணக்கு ஆபத்துக்குள்ளாகலாம்’ என்றது, பரவாயில்லை என்றேன். ஏன் நீக்குகிறீர்கள் என்று ஒரு படிவம் வந்தது. வேகம் குறைகிறது என்று எழுதினேன். அப்படியானால் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாமே என்றது. வீட்டுக்கு வந்த விருந்தாளி புறப்படுகிறேன் புறப்படுகிறேன் என்று வாசலிலேயே நின்று அரைமணி நேரம் பேசுவாரே, அந்த மாதிரி. ஒருவழியாகப் போனது. ஆனால் அதன் ஒரு துண்டு விண்டோஸின் அடிமட்டத்தில் அப்படியே தங்கிவிட்டது. அதைத் துடைக்கத் தனியாக ஒரு கருவி இறக்கி, விண்டோஸில் அவசியமானது மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் போய் ஓட்டவேண்டியிருந்தது.

காரணம் என்ன என்று அப்புறம்தான் புரிந்தது. என் கணினியில் ஏற்கெனவே ஒரு ஆன்டிவைரஸ் இருந்தது. பிரவுசருக்குள் எது நுழைகிறது என்று பார்க்க அது ஓரிடத்தில் கால் ஊன்றியிருந்தது. புதிதாக வந்த மென்பொருளும் அதே இடத்தில் கால் வைத்தது. ஒரே உறையில் இரண்டு வாள். ஒன்று செய்வதை இன்னொன்று சந்தேகப்பட்டு நிறுத்த, அதை மறுபடி இது நிறுத்த, நடுவில் பிரவுசர் மூச்சுத் திணறியது.

இதை மட்டும் வைத்து அந்த மென்பொருள் வீண் என்று அன்று முடிவு கட்டியிருந்தேன். ஐந்தாறு பேருக்கு அப்படியே சொல்லியும் தொலைத்தேன். அது நியாயமில்லை.

பேங்குகள் இதைத் தூக்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம் இருந்தது. ஜீயஸ் என்று ஒரு கள்ள மென்பொருள். 2007 வாக்கில் தலைகாட்டியது. 2011இல் அதன் மூல நிரலே வெளியே கசிந்து, கண்டவன் கையிலும் கிடைத்தது. 2010 செப்டம்பரில் லண்டன் போலீஸ் பத்தொன்பது பேரைப் பிடித்தது. இந்த ஜீயஸை வைத்து மூன்று மாதத்தில் அறுபது லட்சம் பவுண்டு அளவுக்குச் சுருட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு.

அது வேலை செய்யும் விதம்தான் வயிற்றைக் கலக்கும். போலிப் பக்கம் எதுவும் கிடையாது. நீங்கள் உண்மையான பேங்க் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். முகவரி சரி, பூட்டுச் சின்னம் சரி. மின்சாரக் கம்பெனிக்கு 240 பவுண்டு அனுப்ப எண்ணைத் தட்டுகிறீர்கள். அந்த எண் உங்கள் கணினியைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே, பிரவுசருக்குள் ஒளிந்திருப்பது கணக்கு எண்ணையும் தொகையையும் மாற்றிவிடுகிறது. பேங்குக்குப் போய்ச் சேருவது வேறு யாருக்கோ 4,000 பவுண்டு. பேங்க் ‘4,000 அனுப்பியாகிவிட்டது’ என்று பதில் சொன்னால், அதையும் வழியில் மறித்து உங்கள் திரையில் 240 என்று எழுதிக் காட்டும். மீதித் தொகையைக்கூடத் திருத்திக் காட்டும். அடுத்த மாதம் தாளில் அச்சடித்த ஸ்டேட்மென்ட் வரும்வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

பேங்க் தன் பக்கத்துச் சுவரை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் இதைப் பிடிப்பது கஷ்டம். ஓட்டை இருப்பது வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறை மேசையில். ஆகவே, உங்கள் வீட்டுக்குள் ஒரு காவல்காரனை அனுப்பிவைத்தார்கள். அவன் பிரவுசருக்குள் உட்கார்ந்துகொண்டு வேறு யாரையும் எட்டிப்பார்க்க விடமாட்டான். தட்டுகிற எழுத்துகளை யாரும் ஒட்டுக்கேட்காமல் மறைப்பான், திரையைப் படம் பிடிக்க விடமாட்டான், போயிருப்பது உண்மையான பேங்க் தளம்தானா என்று சரிபார்ப்பான். 2010ஐ ஒட்டிய வருடங்களில் இதற்கு மதிப்பு இருந்தது. பழைய விண்டோஸ், அப்டேட் பண்ணாத பிரவுசர், காலாவதியான ஆன்டிவைரஸ் என்றிருந்த வீடுகளில் இது இல்லாததைவிட இருந்தது நல்லது.

அப்புறம் காலம் மாறியது. விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து வைரஸ் தடுப்பு கணினியோடேயே வர ஆரம்பித்தது. பிரவுசர்கள் நம்மைக் கேட்காமலேயே தம்மைப் புதுப்பித்துக்கொண்டன. இதில் வேடிக்கை, அடுத்த அடி கூகுளிடமிருந்து வந்தது. பிரவுசருக்குள் வெளி மென்பொருள்கள் கையை நுழைப்பதால்தான் அடிக்கடி அது முறிந்து விழுகிறது என்று சொல்லி, 2018இல் குரோம் அந்த நுழைவையே அடைக்க ஆரம்பித்தது. கள்ளனுக்கும் காவல்காரனுக்கும் ஒரே கதவு. அது சாத்தப்பட்டது.

இன்னொரு பக்கம் பேங்குகளே வேறு வழிக்குப் போய்விட்டன. என் பேங்க் ஒரு கார்டு ரீடர் தந்தது. சின்னக் கால்குலேட்டர் மாதிரி இருக்கும். புதிதாக ஒருவருக்குப் பணம் அனுப்பும்போது கார்டைச் செருகி, பின் நம்பர் போட்டு, யாருக்கு அனுப்புகிறோமோ அவருடைய கணக்கு எண்ணையும் தொகையையும் அந்தப் பெட்டியிலேயே தட்டவேண்டும். அது எட்டு இலக்க எண் ஒன்றைத் தரும். அந்த எண் அந்தக் கணக்குக்கும் அந்தத் தொகைக்கும் மட்டும்தான் செல்லும். கணினிக்குள் ஜீயஸ் உட்கார்ந்து கணக்கு எண்ணை மாற்றினால் எட்டு இலக்கமும் பொருந்தாது, பேங்க் தள்ளிவிடும். அந்தப் பெட்டிக்கு இணையமே கிடையாது, ஆகவே அதற்குள் யாரும் நுழையவும் முடியாது. கணினியைச் சுத்தமாக வைக்கிற கவலையைவிட, கணினி அழுக்காகவே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு அதைச் சுற்றிப்போகிற இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 2020இலிருந்து பணம் பெறுகிறவர் பெயர் கணக்கு எண்ணோடு பொருந்துகிறதா என்று பெரிய பேங்குகள் சரிபார்த்துக் காட்ட ஆரம்பித்தன. அதுவும் நல்ல காரியம்.

பேங்க் பரிந்துரைத்தால் அது நிரந்தரமாக நல்லது என்று அர்த்தமில்லை என்பதற்கு 2017இல் ஒரு கூத்து நடந்தது. பார்க்ளேஸ் பல வருடமாகத் தன் வாடிக்கையாளர்களுக்கு ரஷ்ய நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆன்டிவைரஸை இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. அந்த டிசம்பரில் பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம், நாட்டின் ரகசியங்களைக் கையாளும் அரசுத் துறைகள் ரஷ்ய ஆன்டிவைரஸைத் தவிர்க்கவேண்டும் என்று கடிதம் எழுதியது. உடனே பார்க்ளேஸ், ஏற்கெனவே இறக்கியிருந்த சுமார் 2,90,000 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பியது. புதிதாக இனி யாருக்கும் தருவதில்லை, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் நீக்கவேண்டிய அவசியமில்லை என்று. தப்பு செய்துவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. சாதாரண வீட்டுக் கணினிக்கு அந்த எச்சரிக்கை எழுதப்படவும் இல்லை. ஆனால் அந்த மின்னஞ்சல் வந்த அன்று என் கைபேசிக்கு, நான் கணக்கு எழுதித் தருகிற நாலு கடைக்காரர்களிடமிருந்து அழைப்பு. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “அப்ப வச்சிருக்கிறதா, எடுக்கிறதா?”

இதைவிடப் பெரிய பாடம் தென் கொரியாவில் இருக்கிறது. அங்கே 1990களின் கடைசியில் சொந்தமாக ஒரு குறியாக்க முறையை உருவாக்கி, பேங்க் பக்கத்துக்குப் போனாலே இதைப் போடு, அதைப் போடு என்று வரிசையாக மென்பொருள்களைப் போடவைத்தார்கள். தட்டுகிற எழுத்தைக் காக்க ஒன்று, ஃபயர்வாலுக்கு ஒன்று, சான்றிதழுக்கு ஒன்று. போடாமல் உள்ளே போகவே முடியாது. ஒரு தலைமுறையே எந்தப் பக்கம் ‘போடு’ என்றாலும் ‘சரி’ என்று அழுத்தப் பழகிவிட்டது. 2023 தொடக்கத்தில் விளாதிமிர் பாலன்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அவற்றில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தார். எழுத்தைக் காக்கவென்றே வந்த ஒன்றில், அதையே எழுத்தை ஒட்டுக்கேட்கப் பயன்படுத்தக்கூடிய அளவுக்கு ஓட்டை. வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதற்கு வேலிக்குக் கெட்ட எண்ணம் இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. சரியாகக் கட்டாவிட்டாலே போதும். பாதுகாப்பு மென்பொருளுக்குக் கணினியில் உச்ச அதிகாரம் கொடுக்கிறோம். அதில் ஒரு ஓட்டை விழுந்தால் விழுகிற இடம் கூரை இல்லை, அஸ்திவாரம்.

இவ்வளவும் படித்து, தெரிந்து, எனக்கு விவரம் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அண்ணா கடையில் அந்தச் சம்பவம் நடந்தது.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஏழெட்டுக் கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். அவற்றில் ஒன்று யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவருடைய மளிகைக் கடை. முருங்கைக்காயும் நெத்திலிக் கருவாடும் சிவப்பரிசி மாவும் தேடி எங்கெங்கிருந்தோ வருவார்கள். இருபது வருடமாக நடத்துகிறார். ஏமாளி இல்லை. பெட்டி வெண்டைக்காயில் நாலு முற்றியிருந்தால் கையில் எடுத்த கணமே சொல்லிவிடுவார்.

2022 நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஏழு மணி. அழைத்தார். குரல் வேறு மாதிரி இருந்தது.

“பிள்ளை, பாங்கில இருந்து கதைச்சவை. என்ர கம்ப்யூட்டரில வைரஸ் வந்திட்டுதாம். இப்ப ஸ்கிரீன் கறுப்பாக் கிடக்கு. கை வைக்க வேண்டாம் எண்டவை.”

“அண்ணா, இப்ப லைன்ல இருக்காங்களா?”

“ஓம், மற்ற ஃபோனில நிக்கினம்.”

“கட் பண்ணுங்க. ரூட்டர் வயரைச் சுவத்துல இருந்து பிடுங்குங்க. இப்பவே.”

“அவை பாங்க் ஆக்கள் பிள்ளை. என்ர பேர், கடை அட்ரஸ், கார்டின்ர கடைசி நாலு நம்பர் எல்லாம் சரியாச் சொன்னவை.”

“பிடுங்குங்க அண்ணா!”

அவரிடம் நான் குரலை உயர்த்திய ஒரே நாள் அது.

நடந்தது இதுதான். அழைத்தவன் ஆங்கிலத்தில் மிக மரியாதையாகப் பேசியிருக்கிறான். ‘நாங்கள் பரிந்துரைத்த பாதுகாப்பு மென்பொருள் உங்கள் கணினியில் இருக்கிறதா சார்?’ என்று கேட்டிருக்கிறான். இருக்கிறது என்று அண்ணா சொன்னார். ‘அது பழையது, அதனால்தான் வைரஸ் வந்திருக்கிறது, புதியதை நான் போட்டுத் தருகிறேன்’ என்று ஒரு முகவரி சொல்லித் தட்டவைத்தான். இறங்கியது பாதுகாப்பு மென்பொருள் இல்லை. எங்கிருந்தோ உட்கார்ந்துகொண்டு உங்கள் திரையைப் பார்க்கவும் மவுஸை நகர்த்தவும் உதவுகிற செயலி. அலுவலகங்களில் ஐடி ஆட்கள் நல்லபடியாகப் பயன்படுத்துவது. அதனால் எந்த ஆன்டிவைரஸும் கத்தவில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த கேடயமும் சும்மா இருந்தது.

அப்புறம் அவன் திரையைக் கறுப்பாக்கிவிட்டு, ‘ஸ்கேன் ஓடுகிறது, கார்டு ரீடரை எடுங்கள், உங்கள் புகாரின் பதிவு எண்ணை அதில் போடவேண்டும்’ என்றிருக்கிறான். பதிவு எண் என்று அவன் சொன்னது எட்டு இலக்கம். இங்கே பேங்க் கணக்கு எண்ணும் எட்டு இலக்கம்தான். அடுத்து ‘பாதுகாப்புக் குறியீடு 2450’ என்றான். அதையும் அண்ணா தட்டினார். ரீடர் தந்த எண்ணை வாசித்துக் காட்டினார். மூன்று நிமிடம் கழித்து இன்னொரு ‘பதிவு எண்’, குறியீடு 1900.

நான் புகழ்ந்து தள்ளிய அதே கார்டு ரீடர். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அண்ணாவின் விரலே கணக்கு எண்ணையும் 2,450 பவுண்டையும் தட்டி, நான்தான் அனுப்புகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது.

ரூட்டரைப் பிடுங்கியதும் 159ஐ அழைக்கச் சொன்னேன். இங்கே 2021இலிருந்து இருக்கிற எண். எந்த பேங்க் என்று சொன்னால் அந்த பேங்குக்கே நேராக இணைத்துவிடும். அந்த எண்ணிலிருந்து உங்களுக்கு ஒருபோதும் அழைப்பு வராது என்பதுதான் அதன் அழகு. இரண்டாவது தொகை கிளம்புவதற்கு முன் நின்றது. முதல் தொகை போய்விட்டது. ‘நீங்களே அனுமதித்த பரிமாற்றம்’ என்று பேங்க் கைவிரித்தது. நான் உட்கார்ந்து நடந்ததை நிமிடக் கணக்கில் எழுதி முறையான புகாராகக் கொடுத்தேன், மறுத்தார்கள், பேங்க் மேல் வருகிற புகார்களை விசாரிக்கிற நிதித்துறை ஆம்பட்ஸ்மேனிடம் போனோம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற சின்னத் தொழில்களும் அங்கே போகலாம். மாதக்கணக்கில் இழுத்துத்தான் பணம் வந்தது. 2024 அக்டோபர் 7இலிருந்து நிலைமை கொஞ்சம் மேல். ஏமாற்றப்பட்டு நாமே அனுப்பிய பணத்தையும், 85,000 பவுண்டுவரை பேங்குகள் திருப்பித் தந்தாகவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. 100 பவுண்டுவரை கழித்துக்கொள்ளலாம். படுமோசமான அலட்சியம் என்று நிரூபித்தால் மறுக்கவும் செய்யலாம். அதனால் அழைப்பு வந்த நேரம், அவன் சொன்ன வார்த்தை, நாம் 159 போட்ட நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது. அண்ணா கேஸில் எனக்குக் கைகொடுத்தது வெண்டைக்காய்ப் பில்லின் பின்பக்கம் அவர் கிறுக்கிவைத்திருந்த அந்தப் ‘பதிவு எண்’தான்.

சனிக்கிழமை கடைக்குப் போனபோது அண்ணா ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் இந்த விஷயத்தில் என் எண்ணத்தைத் திருப்பிப்போட்டது. “பாங்க்தானே முதல் போடச் சொன்னது? அதே மாதிரித்தான் இவனும் சொன்னவன்.”

உண்மைதானே. பேங்க் பட்டையாக எழுதிப் ‘போடு’ என்றது, போட்டார். அதைச் செய்தது நல்ல வாடிக்கையாளருக்கு அடையாளம் என்று பழகினார். இரண்டாவது தடவை அதே குரலில் வேறொருவன் கேட்டபோது வித்தியாசம் தெரியவில்லை. மென்பொருள் நல்லதா கெட்டதா என்று நான் வருடக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்தேன். கேட்டிருக்கவேண்டியது, இந்தப் பேச்சை யார் முதலில் ஆரம்பித்தது என்பதை. நான் தேடிப்போய் இறக்கினேனா, அல்லது என்னைத் தேடி ஒன்று வந்து ‘இறக்கு’ என்கிறதா?

திருச்சியில் அப்பாவுக்கும் இதே வித்தைதான், வேறு வேஷத்தில். போன வருடம் வாட்ஸாப்பில் ஒரு ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலியைப் போடுகிற கோப்பு), பேங்கின் சின்னத்தோடு. ‘கேஒய்சி இன்றைக்குள் முடிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும், இந்தப் பாதுகாப்புச் செயலியைப் போடவும்.’ அதைப் போட்டால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி எல்லாம் அவனுக்கு நேராகப் போகும். அப்பா போடவில்லை. விவரம் தெரிந்து இல்லை, கண்ணாடியைக் காணவில்லை என்று தள்ளிப்போட்டார். சில சமயம் சோம்பேறித்தனமும் காப்பாற்றும். அவருக்கு நான் சொல்லிவைத்திருப்பது இரண்டு விஷயம்: செயலி என்றால் ப்ளே ஸ்டோரில் நீங்களே தேடி எடுப்பது மட்டும்தான், பணம் போனது தெரிந்தால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930, அப்புறம்தான் எனக்கு. இந்தியாவில் பேங்க் தளங்களின் முகவரி எல்லாம் .bank.in என்று முடியவேண்டும், 2025 அக்டோபர் 31க்குள் மாற்றுங்கள் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அவருக்கு அந்த முகவரியை நானே தட்டிப் புக்மார்க் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சரி, போடலாமா வேண்டாமா என்று இப்போது யாராவது கேட்டால், முதலில் என் பேங்கிடம் கேட்டதைச் சொல்கிறேன். இதைப் போடாமல் நாளைக்குப் பணம் திருடுபோனால் கைவிடுவீர்களா என்று எழுத்தில் கேட்டேன். ‘பரிந்துரைதான், கட்டாயம் இல்லை’ என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இங்கே சட்டப்படி, நீங்கள் அனுமதிக்காமல் போன பணத்தை பேங்க் திருப்பித் தரவேண்டும். நீங்கள் மோசடி செய்தீர்கள் அல்லது படுமோசமான அலட்சியம் காட்டினீர்கள் என்றால்தான் மறுக்கலாம். உங்கள் பேங்கிலும் இதே கேள்வியை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

அடுத்தது, உங்கள் கணினி எப்படிப்பட்டது. விண்டோஸ் சொந்தமாகத் தருகிற பாதுகாப்பு ஓடுகிறது, அப்டேட் ஒழுங்காக வருகிறது, கார்டு ரீடரோ கைபேசிச் செயலியோ ஒவ்வொரு புதுப் பெறுநருக்கும் உறுதி கேட்கிறது என்றால், நான் போடமாட்டேன். போடாமல்தான் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் கண்டதை இறக்குகிற ஒரே கணினி என்றால், போட்டாலும் பிரயோஜனம் குறைவு. அதில் பேங்க் வேலையே செய்யாதீர்கள், கைபேசிச் செயலியில் செய்யுங்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. அதிலேயே ஓடுகிற பழைய கடைக் கணினிகளுக்கு மேலே எந்தக் கேடயத்தை ஒட்டினாலும் நான் நம்பமாட்டேன். மூன்று கடைக்காரர்களை இதற்காகப் புதுக் கணினி வாங்கவைத்து வசவு வாங்கிக்கொண்டேன்.

போட்டே தீருவேன் என்றால், பேங்க் பக்கத்தை நீங்களே திறந்து, உள்ளே போய், அங்கிருக்கிற இணைப்பிலிருந்து எடுங்கள். மின்னஞ்சலில் வந்ததிலிருந்து வேண்டவே வேண்டாம். போடுவதற்கு முன் எப்படி நீக்குவது என்று படித்துவிடுங்கள். ஏற்கெனவே ஆன்டிவைரஸ் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகுமா பாருங்கள். தயவுசெய்து வாட் கட்டுகிற வாரத்தில் போடாதீர்கள்.

நான் செய்வது சாதாரணம்தான். பேங்குக்கென்று தனியாக ஒரு பிரவுசர், அதில் வேறு எந்தத் தளத்துக்கும் போவதில்லை, கூப்பன் தேடித் தருகிறேன், இலக்கணம் திருத்துகிறேன் என்று வருகிற எக்ஸ்டென்ஷன் எதுவும் அதில் இல்லை. அந்த எக்ஸ்டென்ஷன்கள் நீங்கள் பார்க்கிற பக்கத்தையெல்லாம் படிக்க அனுமதி வாங்கிவைத்திருக்கின்றன, அதை யாரும் கவனிப்பதில்லை. தினசரி வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கு. அதனால் உள்ளே வருகிற பெரும்பாலானவை கடவுச்சொல் கேட்டு நிற்கும், அந்த ஒரு நொடி யோசிக்க நேரம் கிடைக்கும். புதிதாக ஒருவருக்குப் பெரிய தொகை என்றால் முதலில் ஒரு பவுண்டு அனுப்பி, வந்ததா என்று அவரை அவருடைய பழைய எண்ணில் கேட்பேன். கார்டு ரீடரில் எண் தட்டும்போது, இது யாருடைய கணக்கு என்று வாய்விட்டுச் சொல்வேன். என் பெரியவள் கேலி செய்வாள்.

அண்ணா கடையில் இப்போது கல்லாப்பெட்டி மேல் 159 என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் முருகன் படம். போன மாதம் கணக்குப் புத்தகத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது. அண்ணா எடுத்தார். கேட்டார். “யூ ஆர் ஃப்ரொம் த பாங்க்? ஓகே. ஐ வில் கோல் பாக்” என்று அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார். நிதானமாக ஒரு அம்மாவுக்குக் கறிவேப்பிலை கட்டிக் கொடுத்தார். அப்புறம் 159 போட்டு, இருபது நிமிடம் அந்த இசையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

உண்மையிலேயே பேங்க்தான் கூப்பிட்டிருக்கிறது. ஓவர்டிராஃப்ட் புதுப்பிக்கிற விஷயம்.

“இருவது நிமிசம் பிள்ளை,” என்றார் வைத்துவிட்டு. “நிண்டு காத்திருந்ததுக்கு அவள் எனக்கு சொரி சொல்றாள்.”